பத்தடி உயரத்துல என் தம்பி

விடிஞ்சும் விடியாத நேரம். ரெண்டு பால் பாக்கெட் வாங்கிகினு தெரு முனை திரும்புறேன், எதிர்ல என் தம்பி நிக்கிறான். பத்தடி உயரம். கண்ணுல கூலிங் கிளாஸ், உதட்டுல அவனோட அந்தக் கோணச் சிரிப்பு. லைட் கம்பத்துல சாத்தின ஏணி மேல ஒருத்தன் நின்னுகினு, தம்பி தலைக்கு மேல கயிறு கட்டிகினு இருந்தான். கீழ ரெண்டு பேர் ஏணியப் பிடிச்சுகினு இருந்தாங்க.

ஃப்ளெக்ஸ் பேனர். மேல சிவப்பு எழுத்துல 'கண்ணீர் அஞ்சலி'.

பால் பாக்கெட் கைய விட்டு நழுவுச்சா, நானே போட்டேனா, தெரியாது. கால் விரலுக்கு நடுவுல சில்லுன்னு பால் ஓடினது மட்டும் ஞாபகம் இருக்கு.

போன வாரம் இந்தப் பக்கத்துல தண்ணி லாரி சண்டையப் பத்தி எழுதினதுக்கு "சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சுக்கா"ன்னு சொன்னீங்க. சந்தோஷம். இந்த வாரம் அது நடக்காது. இந்த ஒரு விஷயத்தை எழுதாம மத்ததை எல்லாம் எழுதிகினு போறது, உங்கள டபாய்க்கிற மாதிரி இருக்கு. அதனால எழுதிடறேன். ஆசிரியர் போன தடவை 'வூடு'ன்னு இருந்ததை 'வீடு'ன்னு திருத்தினாரு. இந்த தடவை கை வைக்காதீங்கன்னு சொல்லிட்டேன். இது எங்க வூட்டு சாவு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

சில வருஷத்துக்கு முன்னாடி ஒடிசாவுல ரயில் மோதினது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நம்ம சென்ட்ரலுக்கு வர வேண்டிய வண்டி. 'நாட்டையே உலுக்கிய விபத்து'ன்னு டிவில திரும்பத் திரும்ப சொன்னாங்க. நாடு எவ்வளவு குலுங்குச்சோ எனக்குத் தெரியாது. வியாசர்பாடி எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டுல மூணாவது மாடியில இருக்கிற எங்க அம்மா வூடு இன்னும் நேராகல.

என் தம்பி பேரு கௌதம். ரிக்கர் வேலை. ஃபேக்டரியில பெரிய பெரிய இரும்புச் சாமானை கிரேன் தூக்குறப்போ, சங்கிலி மாட்டி, கை காட்டி, பூ மாதிரி இறக்கி வைக்கிறவன். எண்ணூர்ல பழனின்னு ஒரு மேஸ்திரி. எங்கயாவது ஃபேக்டரிய கொஞ்ச நாள் நிறுத்தி ரிப்பேர் பாக்குறாங்கன்னா, பழனி தன் ஆளுங்களைக் கூட்டிகினு கிளம்பிடுவாரு. அந்த தடவை ஒடிசா பக்கம். வேலை முடிஞ்சு திரும்பி வந்துகினு இருந்தாங்க.

வண்டி ஏறினதும் அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கான். "செம கூட்டம்மா. ஜெனரல் பெட்டி. கதவாண்ட குந்தி காத்து வாங்கிகினு வரேன். நாளைக்கு சாயங்காலம் வூட்ல இருப்பேன், நெத்திலி வாங்கி வையி."

"கதவாண்டயா குந்துவ? உள்ள போடா பேமானி!"

"சரி சரி"ன்னு சிரிச்சுகினே வெச்சுட்டானாம்.

நான் காலடிப்பேட்டைல வாக்கப்பட்டவ. நியூஸ் பாத்ததும் ஸ்கூட்டிய எடுத்துகினு அம்மா வூட்டுக்குப் பறந்தேன். நான் உள்ள நுழையறப்போ எங்க நைனா டிவி முன்னாடி குந்திகினு இருந்தாரு. ஹார்பர்ல சரக்கு தூக்குற வின்ச்சு ஓட்டி ரிட்டையரானவரு, காது கொஞ்சம் மந்தம், எப்பவும் சவுண்ட அலற விடுவாரு. அன்னிக்கு சவுண்டே இல்ல. கீழ ஓடுற எழுத்துல செத்தவங்க எண்ணிக்கை மட்டும் ஏறிகினே போச்சு. அதையே பாத்துகினு இருந்தாரு.

அம்மா போன் போட்டுகினே இருந்தா. சுவிட்ச் ஆஃப். "சார்ஜ் போயிருக்கும். அவன் என்னிக்கு ஒயுங்கா சார்ஜ் போட்டான்?"

உதவி நம்பர் ஒண்ணு டிவில போட்டாங்க. ரொம்ப நேரம் முயற்சி பண்ணி லைன் கெடச்சுது. பேரு, வயசு, அடையாளம் எல்லாம் எழுதிகினாங்க. ஜெனரல் பெட்டின்னதும் அந்தப் பொண்ணு கொஞ்சம் தயங்கி, "அதுல யார் யார் இருந்தாங்கன்னு எங்ககிட்ட விவரம் இல்லம்மா"ன்னு சொல்லுச்சு. குரல் கம்மிப் போயிருந்தது. ரொம்ப நேரம் அழுத மாதிரி இருந்துச்சு. அவளும் பாவம், எத்தினி பேருக்கு அதையே சொன்னாளோ.

பேனர் இல்லாத சாவு

எங்க ஏரியாவுல காது குத்தா, பேனர். மஞ்சத் தண்ணியா, பேனர். ஒருத்தன் துபாய்க்கு வேலைக்குப் போனா 'சென்று வா சிங்கமே'ன்னு பேனர், சூடு தாங்காம ரெண்டே மாசத்துல திரும்பி வந்தா அதுக்கும் ஒரு பேனர். எங்க பிளாக்குல சுத்திகினு இருந்த ஒரு கிழட்டு நாய் செத்தப்போ அதுக்கும் கண்ணீர் அஞ்சலி வெச்சாங்க, கீழ வரிசையா பசங்க போட்டோ. சினிமாவுல எங்களைக் கிண்டல் பண்றாங்க. பண்ணிட்டுப் போட்டும். ஒருத்தன் செத்து அவனுக்குப் பேனர் இல்லன்னா, அவன் நாதியத்தவன்னு அர்த்தம். எங்க ஆளுங்க அதை மட்டும் தாங்க மாட்டாங்க.

இதுக்கெல்லாம் தலைமை யாருன்னு நெனைக்கிறீங்க? என் தம்பிதான். தெருவுல யார் செத்தாலும் பேனர் அவன் பொறுப்பு. சாவு வூட்டுல போயி போட்டோ கேக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல. இவன் போயி பக்கத்துல குந்துவான், அவங்களோட சேந்து அழுவான், அப்பால மெதுவா ஆல்பத்தைக் கேப்பான். கெழவிங்க செத்தாக்கூட, பல்லு தெரிய சிரிச்ச போட்டோவாத் தேடி எடுப்பான். "உம்முன்னு கீறத போட்டா யாருக்கா நின்னு பாப்பாங்க?"ம்பான்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். எங்க ஆளுங்களுக்கு வாய் நீளம். தெருக் குழாயில எவ்வளவு வேணா பேசுவாங்க. ஆனா சாவு சேதியை நேர்ல சொல்ல மட்டும் எவனுக்கும் நாக்கு எழும்பாது. படி ஏறி வந்து, கதவைத் தட்டி, "உன் புள்ள போயிட்டான்"னு சொல்ற தைரியம் இல்ல. பேனர்தான் சொல்லும். தெரு முனைல தொங்கும், பாத்து தெரிஞ்சிக்க வேண்டியதுதான்.

சோப்பு

மறுநாள் விடிகாலைல ஏணி மேல நின்னவன் சோப்பு. கௌதமுக்கு ஒண்ணாங் கிளாஸ்லருந்து தோஸ்து. நெஜப் பேரு குமார். சின்ன வயசுல தெருக் குழாயில அடுத்தவன் சோப்பைத் தேச்சே குளிச்சுட்டுப் போயிடுவான், அதுல வந்த பேரு.

"எறங்குடா"ன்னேன்.

எறங்கினான். வுட்டேன் ஒரு அறை. "உயிரோட கீறவனுக்கு பேனர் கட்றியா கஸ்மாலம்? யார்ரா ஒனுக்குச் சொன்னது?"

கன்னத்தைக்கூடத் தடவிக்கல அவன். "பழனி மேஸ்திரி போன் பண்ணாருக்கா. 'நம்ம கௌதம் செத்துட்டான்டா, நான் இன்னா பண்ணுவேன்'னு அழுதாரு. லைன் கட்டாயிடுச்சு. அப்பால போவவே இல்ல."

"அவரு கண்ணால பாத்தாரா?"

"தெரிலக்கா."

"இருட்டுல, அடிபட்டுக் கெடக்கிற மனுசன் இன்னாத்தையோ உளறினாருன்னு..."

"படி ஏறி வந்தேன்க்கா. உங்க கதவாண்ட வரைக்கும் வந்துட்டேன். உள்ள அம்மா 'அலோ, கௌதமு, அலோ'ன்னு பேசிகினு இருந்துச்சு. எனுக்குத் தில்லு இல்லக்கா, கீழ எறங்கிட்டேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரன எழுப்பி அடிச்சாந்தேன்." மூக்கைத் துடைச்சான். "லேட்டா கட்டினா அவனுக்குப் புடிக்காதுக்கா."

அடிச்ச கையே வலிச்சுது.

"கயட்டு. அம்மா பாக்குறதுக்குள்ள கயட்டு"ன்னேன்.

"எதுக்குக் கயட்டணும்?"

பின்னாடி அம்மா. பால் வாங்கப் போனவளைக் காணோமேன்னு எறங்கி வந்துட்டா.

அம்மா போட்ட சட்டம்

அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். பேனரை மேலருந்து கீழ வரைக்கும் ஒரு எழுத்து விடாம படிச்சா. எனக்கு அவ விழுந்துட்டா எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு ஓடிகினு இருந்துச்சு.

"கூலிங் கிளாஸ் போட்ட போட்டோதான் கெடச்சுதா ஒனுக்கு? கண்ணே தெரியல பாரு"ன்னு சோப்பைத் திட்டினா. அப்பால, "அப்டியே உடு. கயட்டாத"ன்னா.

"அம்மா, இன்னாம்மா சொல்ற?"

"உயிரோட கீறவன செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கூடும்டி. தெரியாது ஒனுக்கு? உங்க நைனா ஹார்பர்ல மேலருந்து வியுந்தப்போ, ஆளு காலின்னு சொல்லி இதே தெருவுல சங்கு ஊதினாங்க. தோ, மேல கல்லு மாரி குந்திகினு கீறாரு. தொங்கட்டும். என் புள்ள வந்து பாத்து சிரிக்கட்டும்."

இது புதுசு இல்ல. யாரையாவது செத்துட்டதா தப்பா சொல்லிட்டா "ஆயுசு கெட்டி"ம்பாங்களே, அதுதான். ஆனா அம்மா அதோட நிறுத்தல. எங்க எல்லாரையும் ஒரு சுத்து பாத்துட்டு சொன்னா: "ஆனா வூட்டு மனுசங்க அழக் கூடாது. நாம அழுதா பொய்யி மெய்யாப் பூடும். எவளாச்சும் ஒரு சொட்டு வுட்டீங்க, கொன்னுடுவேன்."

இப்படி ஒரு சட்டம் எங்கயும் கிடையாது. அங்க நின்ன நிமிஷத்துல அவளே செஞ்சது. எங்க வூட்டுல புத்தர் படம் ஒண்ணைத் தவிர வேற சாமி படம் இல்ல, புத்தராண்ட வேண்டுதல் வெக்கிற வழக்கமும் இல்ல. வேண்டிக்கிறதுக்கு ஒரு சாமி இருந்திருந்தா மஞ்சத் துணியில காசு முடிஞ்சிருப்பா, மொட்டை போடறேன்னு சொல்லியிருப்பா. அவளுக்குப் பிடிச்சுக்க அந்தப் பேனர்தான் கெடச்சுது.

அன்னிக்கு முழுக்க கூட்டம். பேனரைப் பாத்துட்டு வியாசர்பாடியே வந்துச்சு. பேனருக்குக் கீழ பிளாஸ்டிக் சேர் போட்டு அம்மா குந்திகினு இருந்தா. பக்கத்து பிளாக்குலருந்து ஒரு அம்மா மார்ல அடிச்சுகினு, "ஐயோ என் ராசா, போயிட்டியே"ன்னு வந்தாங்க.

"இன்னாத்துக்கு இப்ப ஒப்பாரி வெக்கிற?"ன்னா அம்மா. "நல்லா கீறான். சாயங்காலம் வந்துடுவான். குந்து, டீ குடி. அது இன்னா, மாலையா? குடு இப்டி. வந்ததும் அவன் கயுத்துலயே போட்டுடலாம்."

அந்த அம்மா முழிச்சாங்க. என்னைப் பாத்தாங்க. நான் டீ கிளாஸை நீட்டினேன். வந்தவங்க ஒவ்வொருத்தரும் இப்படித்தான் டீ குடிச்சுட்டு, "வரேன்மா"ன்னுட்டு போனாங்க. சாவு வூட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது. சொன்னாங்க. அம்மாவுக்கு அதுல ஒரு திருப்தி.

பழனி போன் பண்ணினது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. பேனர் எப்படி வந்துச்சுன்னு அவ கேக்கவும் இல்ல. கேட்டா சொல்லணுமேன்னு நான் அவ கண்ணைப் பாக்கல, சொல்லிடுவேனோன்னு அவ என் கண்ணைப் பாக்கல. நடுவுல நெத்திலி வாங்கியாரச் சொல்லி, சேர்லயே குந்திகினு தலை கிள்ளினா. நான் மேல போயி, குழாயைத் திறந்து விட்டு, முந்தானைய வாயில கடிச்சுகினு நின்னேன். கண்ணுல தண்ணி வரல, வர விடல.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. நான் டிகிரி படிச்சவ. மாதவரத்துல கண்டெய்னர் யார்டுல பில்லு போடறவ. அந்தச் சட்டத்தை நான் நம்பினேன். நான் ஒரு சொட்டு விட்டா அவன் செத்துடுவான்னு நெஜமாவே பயந்தேன்.

அவன் வரேன்னு சொன்ன சாயங்காலம் வந்துச்சு, போச்சு. அம்மா கொழம்பை இறக்கி மூடி வெச்சா. யாரும் துண்ணல.

சென்ட்ரல்

பொழைச்சவங்களை ஏத்திகினு ஒரு ஸ்பெஷல் ரயில் ஞாயித்துக்கிழமை காலைல வருதுன்னாங்க. நைனா, நான், சோப்பு மூணு பேரும் போனோம். அம்மாவைக் கூப்பிட்டேன். "நான் வந்துட்டா இங்க யாரு கீறது? அவன் வேற வயில வந்துட்டான்னா?"ன்னு சேரை விட்டு எழுந்திருக்கல.

பிளாட்ஃபாரம் பூரா டாக்டருங்க, சக்கர நாற்காலிங்க, கேமராக்காரங்க. வண்டி வந்து நின்னுச்சு. எறங்கினவங்க கையில பை இல்ல, சாமான் இல்ல. யாரோ குடுத்த சட்டை, யாரோ குடுத்த செருப்பு. எனக்குப் பக்கத்துல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு, நம்ம பாஷை இல்ல, ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாத்து ஒரே பேரைச் சொல்லிகினு போச்சு. கடைசிப் பெட்டிலருந்து திரும்பி வந்து மறுபடி மொதல் பெட்டிலருந்து ஆரம்பிச்சுது. நான் அவ கையப் பிடிச்சேன். அவளும் பிடிச்சுகினா. ரெண்டு பேருக்கும் பேச பாஷை இல்ல.

பழனி எறங்கினாரு. தலையில கட்டு, ஒரு கை கழுத்துல கட்டின துணித் தூளில. நைனாவைப் பாத்ததும் அப்படியே அவர் காலாண்ட வியுந்துட்டாரு. அதுலயே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் கேட்டாகணுமே.

"கண்ணால பாத்தியாப்பா?"ன்னாரு நைனா.

"பாத்தேண்ணே. ஒரு ஸ்கூல்ல வரிசையா படுக்க வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு துணியா விலக்கிப் பாத்துகினே போனேன். கையில அம்மா பேரு பச்சை குத்தியிருந்தானே..."

"மூஞ்சி?"

"நல்லா கீதுண்ணே. தூங்குற மாரி."

அது நெஜமா, எங்க நைனாவுக்காகச் சொன்னதான்னு நான் இன்னிக்கு வரைக்கும் பழனியைக் கேக்கல. கேக்கப் போறதும் இல்ல.

"என்னாண்ட குடுக்க மாட்டேன்ட்டாங்கண்ணே. ரத்த சொந்தம் வரணுமாம். ரத்தம் எடுத்து, சேருதான்னு பாத்துட்டுதான் தருவாங்களாம்."

நைனா அழல. தூணைப் பிடிச்சுகினு நின்னாரு. சோப்பு துண்டை வாயில திணிச்சுகினான். அம்மா அங்க இல்ல, ஆனா அவ சட்டம் இருந்துச்சு. மூணு பேருமே அழாம ஆட்டோ ஏறினோம். வூட்டுல யார் சொல்றதுன்னு யாரும் பேசல. நான்தான்னு மூணு பேருக்கும் தெரியும்.

சுருட்டாதீங்க

வழி பூரா வாக்கியம் தேடிகினே வந்தேன். 'அம்மா, கொஞ்சம் மேல வா'ன்னு ஆரம்பிக்கலாமா. 'பழனியைப் பாத்தோம்மா'ன்னு ஆரம்பிக்கலாமா. பேசின் பிரிட்ஜ் தாண்டி, வியாசர்பாடி வந்து, தெரு முனையும் வந்துடுச்சு. ஒண்ணும் கெடைக்கல.

அம்மா பேனருக்குக் கீழ அதே சேர்ல இருந்தா. என் மூஞ்சிய அவ பாக்கவே இல்ல. ஆட்டோலருந்து எறங்கின நைனா காலைப் பாத்தா. அப்போதான் நானும் பாத்தேன். கால்ல செருப்பு இல்ல. பிளாட்ஃபாரத்துல எங்க வுட்டாரோ. கக்கூஸுக்குப் போனாக்கூட செருப்பு போடற மனுசன். எங்க பக்கம் ஆம்பளைங்க செருப்பைக் கயட்டிட்டு நடக்கறது சாவுக்குப் போறப்போ மட்டும்தான்.

அம்மா எழுந்தா.

"ஒடம்பு எப்போ வரும்?"

"தெரிலமா. ரத்தம் குடுத்துப் பாக்கணுமாம். நாளாவுமாம்."

சேர் முதுகைப் பிடிச்சுகினு இருந்த அவ கையையே பாத்துகினு இருந்தேன். "சோப்பு, அத்த எறக்குடா"ன்னா.

எங்க ஏரியாவுல செத்தது நெஜம்னு தெரிஞ்சப்புறம் பேனரை எறக்கினது எங்க வூடு ஒண்ணுதான். சோப்பு மேல ஏறி கயிறை அவுத்தான். கீழ சாச்சு, சுத்தி அடிச்சிருந்த ரீப்பர் கட்டைச் சட்டத்துலருந்து ஆணியப் பிடுங்கினாங்க. ஃப்ளெக்ஸ் தனியா வந்ததும், சோப்பு எப்பவும் செய்யற மாதிரி கால் பக்கத்துலருந்து சுருட்ட ஆரம்பிச்சான்.

"சுருட்டாத!" அப்படி ஒரு கத்தல். "டிவில எல்லாரையும் துணியில சுருட்டி வெச்சிருந்தாங்க, பாத்தேன். அது போதும். எம் புள்ளயச் சுருட்டாத."

நாலு பேர் நாலு மூலையப் பிடிச்சாங்க. படிக்கட்டு குறுகல், திருப்பத்துல கட்டில் கூட ஒயுங்காத் திரும்பாது. சாச்சுப் பிடிச்சு, தூக்கிப் பிடிச்சு ஏறினாங்க. அம்மா முன்னாடி போயிகினு ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னா. "மெதுவாடா. தலை செவுத்துல இடிக்குது பாரு." மூணு மாடி ஏறுற வரைக்கும் ஒவ்வொரு வூட்டுலயும் கதவைத் திறந்து எட்டிப் பாத்தாங்க.

ஹால்ல டிவி ஸ்டாண்டை நகர்த்திட்டு விரிச்சாங்க. நீளம் பத்தல. கால் பக்கம், சோப்பு அவனுங்க போட்டோ எல்லாம் இருக்கிற இடம், வாசலைத் தாண்டி வராண்டாவுல கெடந்துச்சு. தலை உள்ள, சுவத்தோரம்.

ஒரு நாள் பூரா லாரி போற ரோட்டுல தொங்கினது. மூஞ்சி மேல ஒரே புழுதி. அம்மா தலைமாட்டுல குந்தினா. சொம்புல தண்ணியும் துண்டும் கேட்டா, கொண்டாந்து குடுத்தேன். துண்டை நனைச்சுப் பிழிஞ்சு, மொதல்ல நெத்தி. அப்புறம் கன்னம், காது, கழுத்து. அந்தக் கூலிங் கிளாஸை மட்டும் ரெண்டு தடவை துடைச்சா. நிதானமா, அவன் பச்சப்புள்ளையா இருந்தப்போ குளிப்பாட்டின மாதிரி, ஒரு இடம் விடாம. தண்ணி கறுப்பாப் போச்சு. வேற தண்ணி கொண்டாரச் சொன்னா.

நாங்க எல்லாரும் சுவத்துல சாஞ்சு நின்னுகினு இருந்தோம். நைனா, நான், கதவாண்ட சோப்பு.

துடைச்சு முடிச்சு, துண்டை மடிச்சு வெச்சுட்டு, அம்மா நிமிந்தா.

"இன்னும் இன்னாத்துக்குப் பாத்துகினு கீறீங்க? அழுங்க"ன்னா.

நைனாதான் மொதல்ல அழுதாரு.